தொடக்கூடாத பல்லாங்குழி



மரபு விளையாட்டுகளைக் காப்போம் என்னும் முழக்கத்தோடு கிள்ளான் வட்டாரத்தில் நடந்த ஒரு விழாவின் தொடக்க மாலைக்கு மேருவிலிருந்து மாணவர் அறுவரை அழைத்துச் சென்றிருந்தேன். குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, பொன்னாடை, நினைவுச் சின்னம் என 2 மணி நேரம் கழிந்தது. மண்டபத்தின் ஓரத்தில் வெள்ளைத் துணி விரித்த மேசைமேல் பல்லாங்குழியும் பம்பரமும் கோலியும் கிட்டிப்புள்ளும் அழகாக அடுக்கப்பட்டிருந்தன. அருகே ஓர் அறிவிப்பு: 'தயவுசெய்து தொடாதீர்கள்.'

"விளையாடக் கூடாதாங்க ஐயா?" என்று மாணவி ஒருத்தி கேட்டாள். விடை சொல்ல எனக்கு நாணமாக இருந்தது.

அன்றிரவு நமக்குத் தொடர்பே இல்லாத ஒரு விளையாட்டு என் நினைவுக்கு வந்தது. அமெரிக்காவின் பின்பால். சாய்வான கண்ணாடிப் பெட்டிக்குள் ஓடும் எஃகுக் குண்டு கீழே விழாதபடி இரு துடுப்புகளால் தட்டித் தட்டி மேலேற்றும் ஆட்டம் அது. காசு போட்டால்தான் குண்டு வெளிவரும். அதனைச் சூதாட்டமாகக் கருதி நியூயார்க் நகரம் 1942இல் தடை செய்தது. 1976இல் ரோஜர் ஷார்ப் என்னும் ஆர்வலர் நகர மன்றத்தார் முன்னிலையில் ஆடிக் காட்டி, அது குருட்டு வாய்ப்பன்று, கைத்திறனே என்று மெய்ப்பித்தார். அவ்வாண்டே தடை நீங்கியது. பின்னர்க் கணினி விளையாட்டுகள் பெருகின. பெரும் உற்பத்தி நிறுவனமான வில்லியம்ஸ் 1999இல் பின்பால் தொழிலைக் கைவிட்டது.

ஆயினும் அந்த ஆட்டம் அழியவில்லை. அதன் ஆர்வலர்கள் 1985 முதல் சிகாகோ வட்டாரத்தில் மாநாடு கூட்டி வருகின்றனர். இத்தகைய கூட்டங்களுக்குப் பலர் தம் வீட்டுப் பொறிகளையே சுமந்து வருகின்றனர். நுழைவுக் கட்டணம் செலுத்தியவர் காசு போடாமலே ஆடலாம். பழுது பார்க்கும் நுணுக்கங்களும் அங்கே கற்பிக்கப்படுகின்றன. ஆட ஆடப் பொறி தேயும் என்பது உரிமையாளருக்குத் தெரியும். தெரிந்தே ஆட விடுகின்றனர்.

நம் நாட்டில் 1989இல் வெளிவந்த நாணயங்களைப் பாருங்கள். ஐந்து காசில் காசிங் பம்பரம், பத்துக் காசில் சோங்காக் பலகை, ஐம்பது காசில் வாவ் பட்டம். சோங்காக் நம் பல்லாங்குழிக்கு நெருங்கிய உறவு. காசு கேட்ட ஆட்டத்தை அவர்கள் காசில்லாமல் ஆடுகிறார்கள். நாமோ ஆட்டத்தைக் காசில் பொறித்துவிட்டு ஆடுவதை மறந்துவிட்டோம்.

பழைய பலகை உடைந்தால் யார் பொறுப்பு என்று ஏற்பாட்டாளர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்த ஒன்றைத் தனியே வைத்துவிட்டு, சாதாரணப் பலகைகள் பத்தினைத் தரையில் பரப்பியிருக்கலாமே! தோட்டப்புறத்தில் எங்களுக்குப் பலகையே கிடையாது. மண்ணில் குழி தோண்டி, ரப்பர் விதைகளை இட்டு ஆடினோம். விதை தொலைந்தால் மரத்தடியில் வேறு கிடைத்தது.

திங்கட்கிழமை ஓய்வு நேரத்தில் பள்ளி நடைபாதையில் சுண்ணக்கட்டியால் 14 வட்டங்கள் வரைந்து, அறுவரிடமும் புளியங்கொட்டைகளைக் கொடுத்தேன். எனக்கே சில விதிகள் மறந்திருந்தன. சிற்றுண்டிச்சாலை அம்மா எட்டிப் பார்த்தார். "நாலு சேர்ந்தா அது பசு. எடுத்துக்கோ கண்ணு!" என்றவர், கைகளைத் துடைத்துக்கொண்டு அந்த மாணவிக்கு எதிரே அமர்ந்துவிட்டார். மணி அடித்த பிறகும் எழ இருவருக்கும் மனமில்லை.

அடுத்த விழாவை நடத்தப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: உரைகளைப் பாதியாகக் குறையுங்கள். விளையாடத் தெரிந்த பாட்டிமார்களைச் சிறப்பு விருந்தினராக அழையுங்கள். அந்த அறிவிப்பை எடுத்துவிடுங்கள்.