செவிக் கருவியும் செவி அச்சும்

காது கேளாதோருக்கு உதவும் பணியில் நம் நாடு சென்ற அறுபது ஆண்டுகளில் குறிப்பிடத்தக்க அளவு முன்னேறியிருக்கிறது. 1965-இல் மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் தோன்றியது. 1981 முதல், மாற்றுத்திறனாளிகளுக்கு உபகரணங்கள் வழங்க உதவும் ஏ.டி.ஐ.பி. என்னும் மத்திய அரசுத் திட்டம் நடைபெற்று வருகிறது. 1983-இல் மும்பையில், இன்று அலி யாவர் ஜங் பெயரால் வழங்கும் தேசிய நிறுவனம் தொடங்கப்பட்டது. இவற்றின் பயனாக, முன்பு செல்வருக்கு மட்டுமே எட்டிய செவிக் கருவி இப்போது ஏழைக் குழந்தைகளின் கைக்கும் வந்து சேர்கிறது. ஆயினும், கைக்கு வந்த கருவி காதில் நிலைத்து நிற்கிறதா என்பது வேறு வினா. அந்த வினாவுக்கு விடை பெரும்பாலும் செவி அச்சு என்னும் சிறு பொருளைப் பொறுத்தது.

காதின் பின்புறம் அணியும் கருவி ஒலியைப் பெருக்கி, மெல்லிய குழாய் வழியாகச் செவிக்குள் அனுப்புகிறது. அக்குழாயைக் காதில் பொருத்தி நிறுத்தும் உறுப்பே செவி அச்சு. 'இயர்மோல்டு' என்றும் கூறுவர். இது காது மடலின் குழிவையும் செவித் துளையின் வெளிப் பகுதியையும் இடைவெளியின்றி நிரப்ப வேண்டும். இடைவெளி இருப்பின், பெருக்கப்பட்ட ஒலி வெளியே கசிந்து, கருவியின் ஒலிவாங்கியை மீண்டும் அடைந்து, மறுபடியும் பெருக்கப்படுகிறது. கருவி 'கீச்' என்று கூவுவதற்குக் காரணம் இதுவே. குறை மிகுந்த காதுக்கு ஒலியை அதிகமாகப் பெருக்க வேண்டியிருத்தலின், அங்கே அச்சு மேலும் நெருக்கமாகப் பொருந்துதல் அவசியம்.

வளர்ந்தவரின் செவித் துளை சுமார் 2.5 சென்டிமீட்டர் நீளமுடையது. அது நேரான குழாயன்று. இரண்டு இடங்களில் வளைந்து செல்வது. ஒருவருடைய வலக் காதும் இடக் காதுமே ஒன்றுபோல் இருப்பதில்லை. மெல்லும்போதும் பேசும்போதும் தாடை அசைய, துளையின் வடிவமும் மாறுகிறது. ஆகவே சிறியது, நடுத்தரம், பெரியது என முன்கூட்டியே செய்து வைத்த முனைகள், கடுமையான கேளாமை உடைய குழந்தைக்குத் தக்க தீர்வாகமாட்டா.

உரியவரின் காதிலிருந்தே படிவம் எடுத்து அச்சுச் செய்வதுதான் சரியான முறை. முதலில் காதுநோக்கியால் உள்ளே பார்த்து, குறும்பியோ சீழோ செவிப்பறையில் துளையோ இல்லை என்று உறுதி செய்துகொள்வர். பின்னர் நூல் கட்டிய பஞ்சுத் தடையை இரண்டாம் வளைவுக்கு அப்பால் வைத்து, சிலிக்கோன் பசையைப் பீச்சுக்குழலால் நிரப்புவர். அது இறுகிய பின் எடுத்துவிட்டு, காதை மறுபடியும் பார்ப்பர். தடை வைக்காமல் ஊற்றினால் பசை செவிப்பறை வரை சென்று ஒட்டிக்கொள்ளக்கூடும். ஆதலின் இது பயிற்சி பெற்ற செவிப்புலன் வல்லுநர் மட்டுமே செய்யத்தக்க பணி. கள ஊழியர் எவ்வளவு ஆர்வமுடையவராயினும் இதனை மேற்கொள்ளலாகாது.

அச்சு அக்ரிலிக் போன்ற கடினப் பொருளாலும் செய்யப்படும். சிலிக்கோன் போன்ற மெல்லிய பொருளாலும் செய்யப்படும். கடின அச்சு நீடித்து உழைக்கும். நடுங்கும் கையுடைய முதியோரும் எளிதில் செருகலாம். உறுத்தும் இடத்தைத் தேய்த்துச் சரிசெய்யலாம். ஓடியாடும் குழந்தைக்கு மெல்லிய அச்சே தகுந்தது. விளையாட்டில் அடிபட்டாலும் காயம் குறைவு.

இங்கேதான் நம் வழங்கும் முறையிலுள்ள குறை வெளிப்படுகிறது. ஒரே நாளில் நடந்து முடியும் முகாமில் கருவியை வழங்கிவிடலாம். படிவம் எடுத்து, அச்சுச் செய்து, காதில் பொருத்திப் பார்ப்பதற்கு இரண்டாவது சந்திப்பு வேண்டும். அதுவும் போதாது. குழந்தையின் காது வளர்கிறது. கைக்குழந்தைக்குச் சில வாரங்களிலோ இரண்டு மூன்று மாதங்களிலோ அச்சு தளர்ந்துவிடலாம்; பள்ளி செல்லும் முன் ஏறக்குறைய ஆறு மாதத்திற்கு ஒருமுறையும், பள்ளிப் பருவத்தில் ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறையும் புதிய அச்சு தேவைப்படும். கருவி பல ஆண்டுகள் உழைக்க, அச்சு சில மாதங்களில் பயனற்றுப் போகுமானால், கருவிக்காகச் செலவிட்ட பணமும் வீணே. மொழியைக் கற்கும் முதல் ஆண்டுகளில் இவ்வாறு இழந்த மாதங்களைப் பின்னர் ஈடு செய்தல் எளிதன்று.

எனவே, வழங்கிய கருவிகளின் எண்ணிக்கையைக் கொண்டு ஒரு முகாமின் வெற்றியை அளப்பது முறையாகாது. ஆறு மாதங்கள் கழித்து எத்தனை பேர் கருவியை அணிகின்றனர் என்பதே உண்மையான கணக்கு. அச்சினைத் துணைப்பொருளாகக் கருதாமல், கருவியின் ஓர் உறுப்பாகவே கொண்டு, அதனைப் புதுப்பிப்பதற்கும் தொடக்கத்திலேயே நிதி ஒதுக்குதல் வேண்டும்.

அச்சுச் செய்யும் கூடங்கள் நகரங்களில் உள்ளன. கிராமத்தார் அடிக்கடி வந்து போதல் இயலாது என்று சிலர் கூறலாம். தூரம் உண்மையான தடையே. ஆனால் பயணம் செய்ய வேண்டியது படிவமேயன்றிக் குழந்தையன்று. வெயிலில் இளகி உருமாறும் பழைய வகைப் பசைகளைப் போலன்றி, இன்றைய சிலிக்கோன் படிவம் வடிவம் குன்றாமல் அஞ்சலில் செல்லவல்லது. வல்லுநர் குறிப்பிட்ட நாட்களில் வட்டார மருத்துவமனைக்கு வந்து படிவம் எடுத்துச் செல்லவும், அடுத்த வருகையில் அச்சினைப் பொருத்தவும் ஏற்பாடு செய்தல் அரிதன்று.

இவ்வேற்பாடு வரும்வரை ஆசிரியரும் கள ஊழியரும் செய்யக்கூடியது சிறிதன்று. கருவி கூவினால், உடனே ஒலியைக் குறைத்துவிடுவது பலருடைய வழக்கம். அதனால் கூவல் நிற்கும். குழந்தைக்குப் பேச்சும் கேளாமற் போகும். மாறாக, அச்சின் மேல்முனை காது மடலின் மடிப்புக்குள் சரியாக அமர்ந்துள்ளதா என்று முதலில் காண வேண்டும். அடுத்து, காதில் குறும்பி அடைத்துள்ளதா என்றும், குழாய் மஞ்சளித்து இறுகியோ வெடித்தோ உள்ளதா என்றும் நோக்க வேண்டும். இவை யாவும் சரியாக இருந்தும், மெல்லும்போதும் பேசும்போதும் கூவுமானால் அச்சு தளர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். சுத்தம் செய்யும்போது கருவியிலிருந்து அச்சினைக் கழற்றி, வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி, குழாயில் ஈரமின்றி உலர்த்திய பின்னரே மாட்ட வேண்டும்.

கருவியை அடிக்கடி கழற்றி எறியும் குழந்தையைப் பிடிவாதக்காரன் என்று கடிந்துகொள்வதற்கு முன், அதன் காதைப் பார்த்தல் நலம். சிவந்த தடமோ புண்ணோ இருப்பின் குற்றம் அச்சினுடையது. வல்லுநர் அதனைத் திருத்தும் வரை வற்புறுத்தி அணிவிக்கலாகாது. சீழ் வடியும் காதாயின், அச்சினை எடுத்துவிட்டு மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும்.

ஒவ்வொரு குழந்தையின் அச்சும் எந்த நாளில் செய்யப்பட்டது என்பதை வருகைப் பதிவேட்டின் ஓரத்திலேனும் குறித்து வைப்பது ஆசிரியருக்குப் பெருஞ்சுமையாகாது. அந்நாள் பழையதாகும்போது பெற்றோருக்கும் மாவட்ட மருத்துவமனைக்கும் நினைவூட்ட ஒருவர் இருந்தால், பெட்டியில் உறங்கும் பல கருவிகள் மீண்டும் காதுக்கு வந்து சேரும்.