அந்த இரண்டு பையன்கள்

திருவான்மியூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஃப்ளாட் நண்பர் வந்தார். முகம் சரியில்லை.

"சார், எங்க பையன் கிளாஸ்ல இலவச கோட்டாவுல நம்ம வேலைக்காரம்மா பையனுக்கு சீட் குடுத்துட்டாங்க. செக்‌ஷனையாவது மாத்தச் சொல்லி நாலஞ்சு பேரன்ட்ஸ் பிரின்ஸிபாலைப் பார்க்கப் போறோம். நீங்க பத்திரிகைக்காரர், கூட வாங்க."

போகவில்லை. பதிலுக்கு ஒரு பழைய கதை சொன்னேன்.

ஜான் ஆண்டர்சன். ஸ்காட்லாந்துக்காரர், பிரெஸ்பிட்டீரியன் பாதிரியார். 1837 ஏப்ரலில் அர்மேனியன் தெருவில் ஒரு வாடகை வீட்டில் 59 பையன்களோடு பள்ளி தொடங்கினார். அடுத்த வருடமே பிரச்னை. இரண்டு தலித் பையன்கள் அங்கே படிப்பது மேல்சாதிப் பெற்றோருக்குத் தெரிந்துவிட்டது. "அவங்களை அனுப்பு, இல்லேன்னா எங்க பசங்களை நிறுத்திடுவோம்!" ஆண்டர்சன் மறுத்தார். சொன்னபடியே நிறுத்தினார்கள். பெஞ்சுகள் காலி.

நான் பி.காம். இரண்டு பேருக்காகக் கடையே காலியாவதை எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் கடை மூடவில்லை. வில்லியம் மில்லர் காலத்தில் அது சென்னை கிறித்துவக் கல்லூரியாக வளர்ந்து, 1937-ல் தாம்பரம் போனது. அங்கே சீட் கிடைத்தால் இன்று நாம் ஸ்வீட் கொடுக்கிறோம்!

'அவர் மதம் மாற்ற வந்தவர்தானே?' என்பீர்கள். ஆமாம், அதை அவர் ஒளிக்கவும் இல்லை. 1841-ல் அவருடைய மாணவர்கள் சிலர் ஞானஸ்நானம் பெற்றபோது பள்ளி மறுபடி காலியானது. படிக்க அனுப்பிய பிள்ளை மதம் மாறினால் பெற்றவர்கள் பதறுவது எனக்குப் புரிகிறது. ஆனால், அது வேறு வழக்கு. 1838-ல் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: யார் பக்கத்தில் யார் உட்காருவது?

அதே கேள்விக்குத்தான் 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் பதில் சொன்னது. தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 சதவிகித இடம் ஏழை, ஒதுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு. அரசு பணத்தை இழுத்தடிக்கிறது என்று பள்ளிகள் புலம்புகின்றன. நியாயம்தான். அந்தச் சண்டையை அரசோடு போடட்டும். ஆறு வயதுப் பையனோடு என்ன சண்டை?

"அது வேற காலம் சார். நாங்க ஸ்டாண்டர்டுக்காகத்தான் சொல்றோம்" என்றார் நண்பர்.

வேறு காலம்தான். அன்றைக்கு 'சாதி' என்று நேராகச் சொன்னார்கள். இப்போது 'ஸ்டாண்டர்ட்' என்கிறோம்.

இன்று காலை அவர் டிபன் சாப்பிட்ட தட்டு, அந்த அம்மா தேய்த்து வைத்தது. அந்தத் தட்டில் ஸ்டாண்டர்ட் ஒன்றும் குறையவில்லையே சார்!