6,000 ரூபாயில் நின்றுபோன வீடு

கொமரலிங்கத்தில் ஓட்டு வீட்டில் குடியிருக்கும் ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். அவர் வயல் கூலிக்குப் போகிறார். அந்த அம்மா தினமும் கம்பெனி வேன் ஏறிப்போய் பனியன் தைத்துவிட்டு வருகிறார். சொந்த இடமும் பட்டாவும் இருக்கின்றன. பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தில் வீடு கட்ட மனு போடலாம் என்று, இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்கிறார்கள். சில நாட்களில் சான்று வருகிறது. ஆண்டு வருமானம் 3,06,000 ரூபாய்!

"அக்கா, மூணு லட்சத்தைத் தாண்டிருச்சுங்களே..." என்கிறார் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் தம்பி.

சொந்த இடத்தில் கட்டிக்கொள்பவர்களுக்கான மானியம், ஆண்டுக்கு 3 லட்சத்துக்குள் வருமானம் உள்ள குடும்பங்களுக்குத்தான். திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் மத்திய அரசு 1.5 லட்சம், மாநில அரசு குறைந்தது 1 லட்சம், ஆக 2.5 லட்ச ரூபாய். ஆறாயிரம் ரூபாய்க் கணக்கு அத்தனையையும் நிறுத்திவிடுகிறது.

அந்த மூணு லட்சத்துச் சொச்சம் எப்படி வந்தது? அந்த அம்மா கொடுத்தது தீபாவளிக்கு முந்தைய மாதச் சம்பளச் சீட்டு. ஆர்டர் நெருக்கடி, ஓவர்டைம், கையில் 17,500 ரூபாய். அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் 2,10,000. கணவரின் கூலி மாதம் 8,000 என்று 96,000. இரண்டும் சேர்ந்து 3,06,000. பெருக்கலில் தப்பே இல்லை. ஆனால் பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு எல்லா மாதமும் தீபாவளி வருமா?

அவருடைய உண்மையான வருடம் வேறு. நான்கு மாதம் 17,500, ஐந்து மாதம் 12,500, ஆர்டர் வறண்ட மூன்று மாதம் 9,000. கூட்டினால் 1,59,500. கணவரின் கூலியோடு சேர்த்தாலும் 2,55,500-தான். 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட பிறகு திருப்பூர்க் கம்பெனிகள் ஆர்டருக்குத் திண்டாடியது ஊருக்கே தெரியும். ஒரு மாதச் சீட்டுக்கு அதெல்லாம் தெரியாது.

பாஸ்புக்கும் சில சமயம் காலை வாரும். மகளிர் குழுக் கடன் 50,000 ரூபாய் வரவு என்று அதில் நிற்கும். கடன் வருமானம் ஆகாது. ஆனால் கேட்டால்தானே சொல்ல முடியும்? எனவே அந்த வரிக்குப் பக்கத்தில் 'குழுக் கடன்' என்று எழுதி, குழுவின் கடிதத்தையும் வைத்துவிடுவது நல்லது. இன்னொரு சிக்கல் ரேஷன் கார்டு. இந்தத் திட்டத்தில் குடும்பம் என்பது கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள். கல்யாணமான மகன் அதே கார்டில் இருக்கிறார் என்பதற்காக அவருடைய சம்பளத்தையும் சேர்த்துவிட்டால், அதையும் எடுத்துச் சொல்லலாம்.

இந்தச் சண்டை இங்கே மட்டும் இல்லை. பிரிட்டனில் வாடகைச் செலவும் சேர்ந்த அரசு உதவித்தொகையை மாதா மாதம் சம்பளம் பார்த்துக் கணக்கிடுகிறார்கள். சம்பள நாள் விடுமுறையில் விழுந்து, ஒரே கணக்கு மாதத்துக்குள் இரண்டு சம்பளம் வந்துவிட்டதால் உதவித்தொகை சரிந்த நான்கு தாய்மார்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

கொமரலிங்கத்து அம்மா கோர்ட் வரைக்கும் போக வேண்டியதில்லை. பன்னிரண்டு மாதச் சம்பளத்தையும் வரிசையாக எழுதிய கம்பெனிக் கடிதம், பி.எஃப். பாஸ்புக் நகல், வங்கிக் கணக்கு நகல். பி.எஃப். புத்தகத்தில் முழுச் சம்பளமும் இல்லாமல் போகலாம். ஆனால் எந்த மாதம் வேலை குறைந்தது என்பது அதில் தெரியும். இவற்றோடு மடத்துக்குளம் தாசில்தாரிடம் திருத்த மனு கொடுக்கலாம். அங்கே நகரவில்லை என்றால் உடுமலை கோட்டாட்சியர், அதற்கும் மேலே திருப்பூர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாள். எந்த அடிப்படையில் அந்தத் தொகை வந்தது என்று தெரியவில்லையா? 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கள விசாரணை அறிக்கையின் நகலைக் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும்.

எங்கே மனு கொடுத்தாலும், கையெழுத்தும் தேதியும் போட்ட ரசீது வாங்காமல் வேன் ஏற வேண்டாம்.