பாட்டுக்கும் கூலி உண்டு!

"இதுவும் ஒரு பாட்டா?" என்று கேட்கிறார்கள். "கானா என்கிறான், ராப் என்கிறான், கத்துகிறான், குதிக்கிறான், சங்கீதத்துக்கே இழுக்கு!" என்கிறது ஒரு குரல். "சினிமாவில் இடம் கிடைக்காதவன் செய்கிற வேலை" என்று இளிக்கிறது இன்னொரு குரல். சினிமாவுக்கு வெளியே நின்று, தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, தாமே பாடி நம் இளைஞர்கள் வெளியிடும் சுயேச்சைப் பாட்டுகளின் மீதுதான் இத்தனை ஏளனம்!

நாம் சங்கீத வித்வான்களல்ல. ராக இலக்கணம் பேசவும் வரவில்லை. வேலை முடிந்து திரும்பும் வழியில், பஸ்ஸிலே பக்கத்து இருக்கைத் தோழரின் செல்போனிலிருந்து காதில் விழுந்ததை வைத்தே பேசுகிறோம். பாடுகிறவனுக்குக் கருத்து உண்டென்றால், கேட்கிறவனுக்கும் உண்டல்லவா?

பிடிக்காததை முதலில் கூறிவிடுவோம். காதலில் தோற்ற இளைஞன், கையிலே கிதார், ஜன்னலுக்கு வெளியே மழை, பாதித் தமிழ், பாதி ஆங்கிலம். இப்படிப் பத்துப் பாட்டைக் கேட்டாலும் ஒரே பாட்டைப் பத்து முறை கேட்டது போலவே இருக்கிறது. வாடகை, வட்டி, வேலை நீக்கம் என்பவையெல்லாம் அந்தப் பாட்டுகள் பிறக்கும் ஊரில் கிடையாது போலும்!

ஆனால், அதை மட்டும் காட்டி அனைத்தையும் ஒதுக்குவது அநீதி. 2018 ஜனவரி 6-ஆம் நாள், சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ஒரு மேடை எழுந்தது. இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசைக் கலைஞர் டென்மாவும் முன்னின்று திரட்டிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் மேடை அது. 'சாதியற்ற தமிழர்' என்று அன்றே கூறிய அயோத்திதாசப் பண்டிதரின் சொல்லிலிருந்து பிறந்தது அந்தப் பெயர். சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கப்பட்ட கானா, கிதாருக்குப் பக்கத்தில் தலை நிமிர்ந்து நின்றது. இடஒதுக்கீட்டைப் பற்றியும் சாதிக் கொடுமையைப் பற்றியும் பாடியது. ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவில் இசைவாணி என்ற பெண் குரல் ஓங்கி ஒலித்தது. 2020-இல் பி.பி.சி. வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. இதையா இழுக்கு என்கிறார்கள்? இல்லை, இது ஏற்றம் என்கிறோம் நாம்!

அந்தக் குழுவிலே பாடியவர் அறிவு. அவரும் தீயும் பாட, சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் 2021 மார்ச்சில் வந்தது 'என்ஜாய் எஞ்சாமி'. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டியை நினைந்து, நிலத்தில் பாடுபட்டும் நிலமற்றுப் போனவர்களின் கதையை அதில் வைத்தார் அறிவு. கோடிக்கணக்கானோர் கேட்டனர். சின்னஞ்சிறு குழந்தையும் பாடியது. சரி, அதனால் வந்த பணம் எங்கே? மூன்றாண்டு கழித்து, 2024 மார்ச்சில், அந்தப் பாட்டிலிருந்து தங்களில் எவருக்கும் வருமானம் வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகக் கூறினார். கணக்கு வழக்கில் நியாயம் எவர் பக்கம் என்று தீர்ப்புக் கூற நாம் முனையவில்லை. கூலிக் கணக்கை உழைத்தவன் கேட்டுக் கேட்டு அலைய வேண்டியிருக்கிறதே, அந்த நிலையைத்தான் சுட்டுகிறோம்.

செல்போனில் பாட்டு விற்கும் கடைகளின் கணக்கைப் பாருங்கள். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டை முப்பது விநாடி கேட்டால்தான் அது ஒரு முறை கேட்டதாகக் கணக்கில் ஏறும். தோழர்களே, இது என்ன? நம் பட்டறையிலே நாமறிந்த பீஸ் ரேட்! பாட்டுகள் ஏன் குறுகுகின்றன, பல்லவி ஏன் முந்திக்கொண்டு ஓடி வருகிறது என்று வியப்பவர்கள், இந்தக் கூலி முறையையும் சற்றுக் கவனிக்கட்டும்.

இன்னும் கேளுங்கள். 2024 முதல், ஓராண்டில் ஆயிரம் முறையாவது கேட்கப்படாத பாட்டின் பதிவுக்கு அங்கே காசு இல்லை. 999 முறை கேட்கப்பட்டாலும் பூஜ்யம்! மேலும், சந்தாப் பணமெல்லாம் ஒரே உண்டியலில் விழுகிறது. மொத்தத்தில் யார் பாட்டு எவ்வளவு ஓடியது என்று பார்த்துப் பங்கு பிரிக்கப்படுகிறது. மாதம் முழுவதும் நீங்கள் ஒரே ஒரு கானாப் பாடகரை மட்டும் கேட்டிருந்தாலும், உங்கள் பணத்தின் பெரும் பகுதி நீங்கள் கேட்டேயிராத பெரும் புள்ளிகளிடம் போய்ச் சேரும். ஏழையின் காசு பணக்காரனின் பெட்டிக்குப் போகிற பழைய கதைதான். பெட்டி மட்டும் புதிது!

"புகழ் வந்ததே, போதாதா?" என்பார்கள் புத்திமான்கள். புகழை அளந்து போட்டு அரிசி வாங்க எந்தக் கடை இருக்கிறது? சினிமாவுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவரும் மெட்டமைத்தவரும், அப்பாட்டு பிற இடங்களில் ஈட்டும் பணத்தில் பங்கு கேட்கலாம் என்ற உரிமையை 2012-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் உறுதி செய்தது. அதுவும் கேட்டுப் பெற்றதே தவிர, தாமாக வந்து கொடுத்ததல்ல.

பிறரைக் குறை கூறி முடித்துவிட்டால் நாம் யோக்கியர்களாகிவிட மாட்டோம். நம் மாநாட்டு மேடைகளைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். பந்தல்காரருக்குப் பணம், ஒலிபெருக்கிக்காரருக்குப் பணம், நாற்காலிக்குக்கூட வாடகை. கூட்டம் கலையாதபடி இரண்டு மணி நேரம் தொண்டை வறளப் பாடிய தம்பிக்கு? ஒரு சால்வை, ஒரு கைதட்டல், திரும்பிப் போக பஸ் கட்டணம்! "நம்ம பையன்தானே" என்ற சொந்தம் கூலி கொடுக்கும் நேரத்தில் மட்டும் வருவானேன்? ஆலை வாசலில் நியாயக் கூலி கேட்பவன், தன் மேடையில் நியாயக் கூலி மறுக்கலாமா?

ஆகவே கூறுகிறோம்: பிடித்த பாட்டைப் பாராட்டுங்கள், பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று துணிந்து சொல்லுங்கள். சுயேச்சைக் கலைஞர் நிகழ்ச்சி நடத்தினால் இலவசச் சீட்டுக்கு அலையாமல் டிக்கெட் வாங்கிச் செல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரவு செலவுத் திட்டம் போடும்போது, பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் மேலே, முதல் வரியில், பாடகரின் கூலியை எழுதுங்கள். பாடியவன் கேட்பதற்கு முன்பே அதை அவன் கையில் கொடுங்கள்.

சால்வை தோளுக்கு, கூலி வயிற்றுக்கு. முதலில் வயிற்றைப் பார்ப்போம், தோழர்களே!