பதினாறு டெராபைட் பொய்

எங்கட குழு ஒருமுறை நாட்டுக்கூத்து அண்ணாவியார் ஒருவரிட்டப் போய் பதினொரு மணித்தியாலம் ஒளிப்பதிவு செய்தது. எண்பது தாண்டின மனிசன். மூன்று நாள் திண்ணையில இருந்து, தன்ர தகப்பனிட்டக் கேட்டுப் பழகின பாட்டுகளை ஒவ்வொன்றாய்ப் படிச்சுக் காட்டினார். கைபேசிகள் நிரம்பிப்போச்சு. எல்லாத்தையும் ஒரு பென்ட்ரைவில் ஏற்றினம். உறையில் 2 டெராபைட் என்று இருந்தது, விலை 2,500 ரூபா. ஏற்றி முடிஞ்சதும் கைபேசிகளில் இருந்ததை அழிச்சம்.

நாலு மாதம் கழிச்சு திறந்து பார்த்தால் பதினொரு கோப்பின் பெயரும் இருக்கு, அளவும் இருக்கு. முதல் மூன்றும் ஓடுது. நாலாவது பாதியில் நிற்குது. மிச்சம் ஏழும் திறக்கவே இல்லை. அண்ணாவியார் அதற்கிடையில் மோசம்போயிட்டார்.

பென்ட்ரைவ் பழுதாகவில்லை. அது செய்யச் சொன்ன வேலையைத்தான் செய்தது. உள்ளே இருந்தது 32 ஜிபி சிப். அதைக் கட்டுப்படுத்தும் சில்லில் இருக்கிற மென்பொருளை மாற்றி, கணினி கேட்டால் "நான் 2 டெராபைட்" என்று சொல்ல வைச்சிருக்கிறாங்கள். கணினி அதை நம்பும். 32 ஜிபிக்கு மேலே போடுகிறதெல்லாம் எங்கேயும் எழுதப்படாது, அல்லது முதலில் எழுதினதன் மேலேயே போய் விழும். பெயர்ப்பட்டியல் மட்டும் ஒழுங்காய் இருக்கும். ஒரு மணித்தியாலக் காணொளி ஏறத்தாழ 8 ஜிபி. கணக்குப் பார்த்தால் நாலாவது கோப்பு ஏன் பாதியில் நின்றது என்று விளங்கும்.

இதைவிடப் பெரிய பொய்யும் சந்தையில் இருக்கு. இணையக் கடைகளில் "16 டெராபைட் எஸ்எஸ்டி" என்று சில ஆயிரம் ரூபாவுக்கு விற்கிறார்கள். வெளிநாடுகளில் அப்படியானவற்றை உடைச்சுப் பார்த்தவர்கள் கண்டது, ஒரு மைக்ரோஎஸ்டி அட்டையும் அதை வாசிக்கிற சின்னப் பலகையும் பசை போட்டு ஒட்டியிருந்ததைத்தான். கீழே ஐந்து நட்சத்திர விமர்சனங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அதில் பாதி நேர்மையானவர்கள் எழுதினதாகவே இருக்கலாம். செருகினதும் 16 டெராபைட் என்று காட்டுது, நாலு படம் ஏறுது, மனிசர் சந்தோசமாய் எழுதிப்போடுகிறார்கள். யூஎஸ்பி 2.0 வேகத்தில், விநாடிக்கு 30 எம்பி என்று வைச்சால், 16 டெராபைட்டை நிரப்ப ஆறு நாளுக்கு மேல் வேணும். அவ்வளவு பொறுமை யாருக்கும் இல்லை என்பதுதான் அவர்களின்ர முதல்.

ஆனால் நான் இதை எழுதுறது விற்கிறவனைத் திட்டுறதுக்கு மட்டும் இல்லை. திட்ட வேண்டியது எங்களையும்தான்.

ஒவ்வொரு வருசமும் ஜூன் பிறக்கேக்க 1981 இல் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பற்றி எழுதுகிறம். 97,000 அளவான நூல்கள், வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகள் என்று சொல்லுகிறம். அது எரிச்சவர்களின்ர குற்றம், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் "ஒரேயொரு பிரதி" என்றால் என்ன என்று எங்களைவிட நல்லாய்த் தெரிஞ்ச சனம் யார்? அப்படியிருந்தும் நாங்கள் ஒரு மனிசனின்ர வாழ்நாள் அறிவை ஒரேயொரு 2,500 ரூபாச் சாமானில் வைச்சிட்டு மூலத்தை அழிச்சம். எங்கட பதிவை யாரும் எரிக்கவில்லை.

"காசில்லாத பெடியள் என்ன செய்யிறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் எங்கட நிகழ்வுக் கணக்கை எடுத்துப் பாருங்கோ: பதாகை, ஒலிபெருக்கி, சிற்றுண்டி, ரீசேர்ட். வன்தட்டுக்கு ஒரு வரி இல்லை. காசு குறைவு என்றால் உண்மையான 64 ஜிபி இரண்டை வாங்கலாம். பொய்யான 2 டெராபைட் எந்த விலைக்கும் மலிவு இல்லை. இலவச கூகுள் ட்ரைவ் 15 ஜிபிதான், இரண்டு மணித்தியாலக் காணொளியோடு முடிஞ்சிடும்.

பெரிய அளவு வேணுமென்றால் சாதாரண வெளிப்புற வன்தட்டே போதும். இன்று வன்தட்டுச் செய்கிறது சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள்தான். வேறு பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளே இருப்பது இவற்றில் ஒன்றாய்த்தான் இருக்கவேணும். அதேநேரம் பெயரை மட்டும் நம்பவும் கூடாது. 2023 இல் சான்டிஸ்க்கின் எக்ஸ்ட்ரீம் வகை எஸ்எஸ்டிகள் சிலவற்றில் தரவு அழிந்து, நிறுவனமே திருத்தம் வெளியிட வேண்டி வந்தது. 2025 தொடக்கத்தில் ஓடித் தேய்ந்த சீகேட் வன்தட்டுகள், ஓடின மணித்தியாலக் கணக்கு அழிக்கப்பட்டு, புதியவை என்று விற்கப்பட்டது வெளிவந்தது.

ஆகவே வாங்கினதும் சோதியுங்கோ. விண்டோசுக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்சுக்கும் மக்குக்கும் எஃப்3, இரண்டும் இலவசம். முழுக் கொள்ளளவையும் நிரப்பி, எழுதினதைத் திரும்ப வாசிச்சு ஒப்பிடும். 1 டெராபைட் வன்தட்டுக்கு ஆறேழு மணித்தியாலம் செல்லும், இரவு போட்டுவிட்டுப் படுக்கலாம். ஒன்று சொல்லவேணும்: 1 டெராபைட் விண்டோசில் 931 ஜிபி என்று காட்டினால் அது ஏமாற்று இல்லை, எண்ணுகிற முறை வேறு. அதுக்காகக் கடைக்காரரோட சண்டைக்குப் போகாதேங்கோ. மற்றும்படி பற்றுச்சீட்டு இல்லாமல் வாங்காதேங்கோ. போலி என்று தெரிந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கம் இருக்கு. "போகட்டும், 2,500 ரூபாதானே" என்று நாங்கள் விட்டதால்தான் அதே சாமான் அடுத்த ஆளுக்கும் போனது.

சோதிச்ச நல்ல வன்தட்டும் ஒருநாள் சாகும். கீழே விழுந்தால் அன்றைக்கே சாகும். அதனால் மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு ஊரில். அது முடியாவிட்டால் இரண்டு வீட்டில் இரண்டு பிரதியாவது. இரண்டாவது பிரதியைத் திறந்து ஓடவிட்டுப் பார்க்கும் வரைக்கும் கைபேசியில் ஒன்றையும் அழிக்கக் கூடாது.

அண்ணாவியாரின்ர மகள் அந்திரட்டிக்கு முதல் எங்களிட்டக் கேட்டா, "அப்பா படிச்சதை ஒருக்கால் போடுவியளோ?" மூன்றரைக் கோப்பைக் கொண்டுபோய்க் குடுத்தம். மிச்சம் எங்கே என்று அவ கேட்கவில்லை. அவ்வளவுதான் எடுத்தது என்று நினைச்சிருப்பா. நாங்களும் சொல்லவில்லை. இப்ப சொல்லுறம்.