பழைய ஜீப்பும் வியாபாரியின் வாக்கும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே பிரேக் பிடிக்காத வண்டியை ஓட்டுவதும் தற்கொலை செய்துகொள்வதும் ஒன்றுதான்.

சேர்வராயன் மலையில் வாடகை ஜீப் ஓட்டிப் பிழைக்க நினைக்கும் ஏழை, புது வண்டிக்கு எங்கே போவான்? மனைவியின் நகையை அடகு வைத்து, பழைய வண்டி விற்கும் கம்பெனி வாசலில் நிற்கிறான். “மலைக்கு ஏற்ற வண்டி” என்று சத்தியம் செய்து விற்கிறார்கள். பத்தாம் நாள் பிரேக் கைவிடுகிறது. கேட்டால், “பார்த்துத்தானே வாங்கினாய்?” என்கிறார்கள்.

இது என்ன நியாயம்? தேய்மானம் வேறு, தெரிந்தே மறைத்த குறை வேறு. தேவையைச் சொல்லி, வியாபாரியின் அனுபவத்தை நம்பி வாங்கிய பொருள் அத்தேவைக்கு ஏற்றதாக இருக்கவேண்டும் என்பது 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். “உள்ளது உள்ளபடி” என்று வாங்கிய கையெழுத்து மோசடிக்குக் கவசமாகாது.

“வாடகை வண்டிக்காரன் நுகர்வோர் அல்ல” என்றும் வாதாடுவார்கள். ஜீவனத்துக்காகத் தானே ஆட்டோ வாங்கி ஓட்டுபவன் நுகர்வோரே என்று சுப்ரீம் கோர்ட் 1995-லேயே கூறிவிட்டது. பல வண்டிகள் வாங்கி ஆள் வைத்து ஓட்டும் முதலாளிக்குத்தான் அந்தச் சலுகை இல்லை.

ஆகவே, வண்டியைப் பிரிப்பதற்கு முன் மெக்கானிக்கிடம் குறையை எழுதி வாங்குங்கள். ரசீது, விளம்பரம், செல்போன் செய்தி எதையும் தொலைக்காதீர்கள். கம்பெனிக்குத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் இல்லையேல், 2 ஆண்டுக்குள் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுங்கள். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, வண்டியை வெளியூரில் வாங்கியிருந்தாலும் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. குறையை நீக்கவும், பணத்தைத் திருப்பித் தரவும், நஷ்டஈடு கொடுக்கவும் ஆணையம் உத்தரவிடலாம். 1915 என்ற எண்ணில் யோசனையும் கேட்கலாம்.

ஆனால், சட்டம் ஏட்டில் இருந்தால் போதுமா? 1.4.2023 முதல் பழைய வண்டி வியாபாரிகள் போக்குவரத்து அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெறவேண்டும் என்பது விதி. அச்சான்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். சான்றின்றி விற்பவர்கள் மீது அதிகாரிகள் நடவடிக்கை எடுக்கவேண்டும். வழக்குக்காக மலையிறங்கும் ஒவ்வொரு நாளும் ஓட்டுநருக்குக் கூலி நஷ்டம். எனவே ஏற்காட்டிலேயே இலவச சட்ட உதவி முகாம் நடத்தவேண்டுமெனக் கோருகிறோம்.

ஏமாந்தவர் வெட்கப்படத் தேவையில்லை. ஸ்டாண்டிலுள்ள தோழர்களிடம் சொல்லுங்கள். ஒருவர் கேட்டால் கதவைச் சாத்தும் கம்பெனி, பத்துப் பேர் ரசீதோடு வந்தால் நாற்காலி போடும்.