பட்டணம் வளருது, வீட்டுச் சாவி யார் கையில்?

தஞ்சோங் மாலிம் இப்போது அடிக்கடி செய்தியில் அடிபடும் ஊராகிவிட்டது. 2025 ஆகஸ்டில், சீனாவின் பி.ஒய்.டி. கம்பெனி அங்கே கார் பொருத்தும் ஆலை போடப்போகிறது என்ற அறிவிப்பு வந்தது. அடுத்த மாதமே புரோட்டோன் தன் மின்சாரக் கார் ஆலையை அங்கே திறந்தது. பி.ஒய்.டி. ஆலைக்குச் சொல்லப்பட்ட இடம் கே.எல்.கே. தொழில் பூங்கா. கே.எல்.கே. யார் என்று நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கித்தாவும் செம்பனையும் போட்டு வளர்ந்த கம்பெனி. மரம் நட்டவர்களே இன்று தொழிற்சாலைக்கு மனை போடுகிறார்கள் என்பதுதான் இதில் நாம் கவனிக்க வேண்டிய சங்கதி.

ஊர் வளர்வதை நாம் எதிர்க்கவில்லை. வேலை வரட்டும், ரோடு வரட்டும், நம்ம பிள்ளைகள் வெயிலில் குலை வெட்டாமல் விசிறிக்கு அடியில் நின்று சம்பாதிக்கட்டும். நாம் கேட்பது ஒரே கேள்வி. சுற்றிலும் உள்ள தோட்டங்களில் பிறந்து வளர்ந்த குடும்பங்கள் இந்தப் பட்டணத்தில் வீட்டுக்காரர்களாக இருக்குமா, வாடகைக்காரர்களாக இருக்குமா?

தஞ்சோங் மாலிம் எப்படிப்பட்ட ஊராக இருந்தது என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். 1922-இல் தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் ஆசிரியர் கல்லூரி, ரயில் நிலையம், பழைய ரோட்டோரம் இரண்டு வரிசைக் கடை, லாரிக்காரர்கள் நிறுத்திச் சாப்பிடும் பாவு. அவசரகாலத்தில், 1952-இல், டெம்ப்ளர் இந்த ஊருக்கு ஒரு நாளைக்கு 22 மணி நேர ஊரடங்கு போட்டு அரிசியையும் குறைத்தார். நம் பாட்டிமார்கள் அந்தக் கதையைச் சொல்லித்தான் சோற்றைச் சிந்தக் கூடாது என்று நம்மைத் திட்டுவார்கள். மற்றபடி கத்தோயாங், பேராங், களும்பாங் பக்கத்துத் தோட்டத்து ஜனங்களுக்கு அது சம்பளம் போட்ட வாரம் சாமான் வாங்கப் போகிற ஊர். கடைக்காரருக்கு நம்மைத் தெரியும், நமக்குக் கடன் புத்தகம் தெரியும். அவ்வளவுதான் உறவு.

இப்போது நிலைமை வேறு. கல்லூரி 1997-இல் பல்கலைக்கழகமாகிவிட்டது. 2010-இல் ஈப்போவுக்கு மின்ரயில் ஓடத் தொடங்கியது. கொம்யூட்டர் ஏறினால் ரவாங், கோலாலம்பூர் வேலைக்குப் போய்த் திரும்பலாம். 2016-இல் முவாலிம் என்று தனி மாவட்டமே பிறந்தது. பேராங்கில் சுல்தான் அஸ்லான் ஷா பொலிடெக்னிக் இருக்கிறது. சும்மா சொல்லக் கூடாது, இவை எல்லாம் நல்லவை. லயத்தில் பிறந்த பிள்ளை மோட்டாரில் போய் டிப்ளோமா படித்து வருகிறது என்றால் அது நம் அப்பன் காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத காரியம்.

ஆனால் வாடகையைப் பாருங்கள். ஒரு வீட்டை ஆறு மாணவர்கள் சேர்ந்து எடுக்கிறார்கள், ஆளுக்கு 200 வெள்ளி கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் கையில் 1,200 வெள்ளி. அதே வீட்டை நம்ம குடும்பம் கேட்டால் ஒரு சம்பளத்தில் அந்தத் தொகையைக் கொடுக்க முடியுமா? வீட்டுக்காரரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. வளரும் ஊரில் விலையை வைப்பது அங்கே பழையபடி இருப்பவர் அல்ல, புதிதாகப் பணத்தோடு வருகிறவர்தான்.

இன்னொன்றையும் புரிந்துகொள்ள வேண்டும். நிலத்தின் விலை அறிவிப்பு வந்த அன்றே ஏறிவிடும், வேலையோ ஆடி அசைந்துதான் வரும். இது தஞ்சோங் மாலிமே படித்த பாடம். புரோட்டோன் சிட்டி திட்டம் தொண்ணூறுகளின் நடுவில் வந்தது. 1997-98 பண நெருக்கடியில் இழுத்துக்கொண்டது. அங்கே செய்த கார் ரோட்டுக்கு வந்தது 2004-இல். நடுவில் போன வருஷங்களில் மனை வாங்கிப் போட்டவர் லாபம் பார்த்தார். வேலைக்குக் காத்திருந்தவருக்கு வயசுதான் ஏறியது.

நம் தோட்டங்களில் இன்று ஒரு விசித்திரத்தைப் பார்க்கிறோம். வீட்டில் மூன்று பேர் வெளியே வேலை செய்கிறார்கள். மகன் தொழிற்சாலையில், மருமகள் கடையில், இன்னொரு பையன் லாரியில். தாய் மட்டும், முட்டி வலியோடு, உரம் போடப் போகிறாள். ஏனம்மா என்று கேட்டால் ஒரே பதில்: "தம்பி, செக்ரோல்ல ஒரு பேராவது இருந்தாத்தானே வீடு இருக்கும்?" அந்த அம்மாள் உரத்துக்காகப் போகவில்லை. கூரைக்காகப் போகிறாள். ஓய்வு வயது 60 என்று 2013 முதல் சட்டம் இருக்கிறது. அறுபது ஆனதும் பெயர் விழும், பெயர் விழுந்தால் வீடும் போகும். மூன்று பேர் வெளியில் சம்பாதித்தும் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தக் கதவு இல்லை என்றால் பட்டணம் வளர்ந்து அவர்களுக்கு என்ன ஆயிற்று?

தோட்டத்தை விற்றாலோ, வேலையை நிறுத்தினாலோ, 1980-ஆம் ஆண்டு வேலை நீக்க இழப்பீட்டு விதிகள் நமக்கு உண்டு. ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு வருஷத்துக்கு 20 நாள் சம்பளம். இருபது வருஷம் வெட்டியவருக்கு 400 நாள் சம்பளம். அதை விட்டுவிடக் கூடாது, ஒரு காசு குறையாமல் வாங்க வேண்டும். ஆனால் அந்த விதியை எத்தனை தடவை திருப்பிப் படித்தாலும் வீடு என்ற சொல் அதில் கிடையாது. வேலை போனதற்குத்தான் கணக்கு. மூன்று தலைமுறை குடியிருந்ததற்குக் கணக்கு இல்லை.

அப்படியானால் வீட்டை எங்கே கேட்பது? இதைத்தான் நம்மவர்கள் தவறான வாசலில் போய்க் கேட்கிறார்கள். துரையிடம் கேட்கிறார்கள். துரை சம்பளத்துக்கு இருப்பவர், அவருக்கே மாற்றல் எப்போது என்று தெரியாது. இந்த நாட்டில் நிலம் மாநில அரசின் அதிகாரம். விவசாய நிலத்தில் தொழிற்சாலையோ தாமானோ கட்ட வேண்டுமானால் நிலத்தின் வகையை மாற்றித் தரும்படி மாநிலத்திடம் மனுப் போட வேண்டும். அந்த மனு நில அலுவலகத்தில் இருக்கும் காலம் ஒன்றுதான் முதலாளிக்கு அரசின் தயவு தேவைப்படும் காலம். அந்த நேரத்தில்தான் மாநிலம் நிபந்தனை போட முடியும்: இத்தனை குடும்பத்துக்கு இத்தனை வீடு, இந்த இடத்தில், இந்த விலைக்கு. வகை மாறிவிட்ட பிறகு, வேலி போட்ட பிறகு, நாம் பதாகை பிடித்து நின்றால் எதிரே நிற்பவர் பாதுகாவலர் மட்டும்தான்.

"தலைவரே, இப்போதைக்கு ஒண்ணுமில்லேன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க" என்று ஒரு தோட்டத்தில் சொன்னார்கள். அந்தத் தோட்டத்தின் ஒரு மூலையில் ஆட்கள் நிலம் அளந்து சிவப்புத் துணி கட்டிய குச்சி நட்டிருந்தார்கள். குச்சியைப் பார்த்தால் போதும், ஆபீசில் கேட்க வேண்டியதில்லை.

இதற்கு முன் நடந்தவற்றையும் மறக்க முடியாது. இன்று புத்ராஜெயா இருக்கும் இடத்தில் பிராங் புசார் முதலான தோட்டங்கள் இருந்தன. அங்கிருந்த குடும்பங்கள் டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் போனார்கள். தரை வீட்டுக்காக இருபது ஆண்டுக்கு மேல் மனுவும் கூட்டமுமாக அலைந்தார்கள். நாட்டின் தலைநிர்வாக நகரத்துக்கே நிலம் விட்டவர்களுக்கு அந்தக் கதி. வீட்டை வாயால் சொன்னதற்கும், நிலம் மாற்றும் உத்தரவில் எழுதி வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

மாநிலத்தின் பங்கு இப்படி. நம் பங்கு என்று ஒன்று இருக்கிறது, அதையும் வெட்டவெளிச்சமாகப் பேசுவோம். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. இதில் தொழிலாளியின் சேமநிதி 187 வெள்ளி, முதலாளி போடுவது 221. ஆக மாதம் 408. 2024 மே மாதம் முதல் இந்தப் பணம் மூன்று கணக்காகப் பிரிகிறது. நூற்றுக்கு 75 ஓய்வுக் கணக்கில், 15 செஜாத்ரா கணக்கில், 10 பிளெக்சிபல் கணக்கில். வீடு வாங்க எடுக்கக் கூடியது செஜாத்ரா. 408-இல் 15 விழுக்காடு என்றால் மாதம் 61 வெள்ளி 20 காசு. வருஷத்துக்கு 734 வெள்ளி. கணவன் மனைவி இருவரும் இந்தச் சம்பளத்தில் இருந்தால் ஏழு வருஷத்தில், லாப ஈவைச் சேர்க்காமலே, பத்தாயிரம் வெள்ளியைத் தாண்டும். ஒரு லட்சம் வெள்ளி வீட்டுக்கு முன்பணம் அதுதான். பிளெக்சிபல் பணத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று வைத்ததும் வைத்தார்கள், நம்ம பையன்களின் மோட்டாருக்கு மினுக்கு விளக்கு மாட்டியே அது தீருகிறது. அதைக் கட்ட நம்மால் முடியவில்லை. செஜாத்ராவையாவது வேறு காரியத்துக்கு எடுத்துவிடாமல் விட்டு வையுங்கள்.

வயசுக் கணக்கு இன்னும் முக்கியம். பேங்கு பொதுவாக 35 ஆண்டுக்கோ 70 வயதுக்கோ, எது முந்தியதோ அதுவரைதான் வீட்டுக் கடன் தரும். ஒரு லட்சம் வெள்ளிக் கடன், வட்டி 4 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 35 வயதில் எடுத்தால் மாதம் சுமார் 443 வெள்ளி கட்ட வேண்டும். அதே கடனை 55 வயதில் எடுத்தால் 15 வருஷம்தான் கிடைக்கும், மாதம் 740 வெள்ளி. கைக்கு வரும் சம்பளமோ ஆயிரத்து ஐந்நூறு. பாதி வீட்டுக்கே போனால் பேங்கு எப்படிக் கடன் கொடுக்கும்? அறுபது வரட்டும், ஓய்வுப் பணத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் அண்ணன்மார்கள் இந்த இரண்டு எண்ணையும் சுவரில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கடன் பெயர் முப்பது வயது மகன் மேல் இருக்கட்டும், அப்பா கூட்டாகக் கையெழுத்துப் போடட்டும். மாதச் சம்பளச் சீட்டு இல்லாத லாரிக்காரர், கடைக்காரர், வீட்டில் பலகாரம் செய்து விற்பவர்களுக்கும் வழி உண்டு. எஸ்.ஜே.கே.பி. என்ற அரசாங்க உத்தரவாதத் திட்டத்தை பேங்கில் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

2011 வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளர் வீட்டுக்கென்று தேசிய சேமிப்பு வங்கி வழியாக 5 கோடி வெள்ளி நிதி ஒதுக்கினார்கள். 60,000 வெள்ளி வரை விலையுள்ள வீட்டுக்கு, 4 விழுக்காட்டில், இரண்டு தலைமுறை கட்டும்படி 40 ஆண்டுக் கடன். நோக்கம் நல்லதுதான். வளரும் ஊரில் 60,000 வெள்ளிக்கு வீட்டைத் தேடிப் போனால் கோழிக் கூண்டுதான் கிடைக்கும். விலை ஏறும் ஊருக்கு ஏறாத வரம்பைப் போட்டால் திட்டம் காகிதத்தில் நிற்கும். இதை நாம் தொழிற்சங்கக் கூட்டங்களில் சொல்லிக்கொண்டே இருக்கிறோம், இன்னும் சொல்வோம். 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தபோது, மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித்தான் நம் அப்பன் ஆத்தாக்கள் தோட்டங்களையே வாங்கினார்கள். அவர்கள் சம்பளம் நம்முடையதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை.

தஞ்சோங் மாலிம் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. பெர்ணம் ஆறு ஊரை இரண்டு மாநிலமாகப் பிரிக்கிறது. இக்கரை பேராக், அக்கரை உலு பெர்ணம் சிலாங்கூர். சந்தை ஒன்று, ரயில் ஒன்று, கல்யாணச் சம்பந்தம் எல்லாம் இக்கரைக்கும் அக்கரைக்கும். ஆனால் வீட்டுப் பதிவு வேறு. பேராக்கில் ரூமா பேராக்கு, சிலாங்கூரில் ரூமா சிலாங்கூர்கூ. விதியும் வேறு, பாரமும் வேறு. அக்கரைத் தோட்டத்தில் இருந்துகொண்டு இக்கரை வீட்டுக்கு ஆசைப்படுகிறவர்கள் முதலில் தங்கள் அடையாளக் கார்டில் எந்த முகவரி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பல பேருடைய கார்டில் இன்னும் பத்து வருஷத்துக்கு முன் மூடிப்போன தோட்டத்தின் பெயர்தான் இருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு தோட்டத்திலும் இப்போதே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். குடும்பத் தலைவர் பெயர், கார்டு எண், எந்த வருஷம் முதல் அந்த வீட்டில் குடியிருப்பு, செக்ரோலில் யார் பெயர், வெளியே யார் யார் வேலை, பிள்ளைகள் எத்தனை. கூடவே பழைய சம்பளச் சீட்டு, பள்ளிக்கூடச் சான்று, பிறப்புப் பத்திரம் ஒவ்வொன்றின் நகல். நில அலுவலகத்தில் கேட்கும்போது "நாங்க ரொம்ப வருஷமா இருக்கோம்" என்பது சாட்சி ஆகாது, 1974 என்று அச்சடித்த சம்பளச் சீட்டுதான் சாட்சி. கோயிலுக்கும் சுடுகாட்டுக்கும் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். தோட்டக் கமிட்டி செயலாளர் கையெழுத்துப் போட்டு ஒரு நகலைத் தொழிற்சங்கக் கிளையில் ஒப்படைக்கலாம். சிவப்புத் துணிக் குச்சி கண்ணில் பட்டால் எந்தப் பக்கம், எந்தத் தேதி என்பதையும் அதே நோட்டில் எழுதி, கிளைக்கு அன்றே சொல்லி அனுப்புங்கள்.